கழுகுகளின் கண்டக்டர்

"ரெண்டு ஏறிட்டான். பின்னாடி இன்னொருத்தன் வர்றான். வரட்டும், வரட்டும்... ம், மூணு போட்டுக்கோ."

தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்கிறார் கண்டக்டர். பக்கத்து மடக்கு நாற்காலியில், கழுத்தில் பைனாகுலர் தொங்க, மடியிலுள்ள தாளில் மனைவி கோடு போடுகிறார். கண்டக்டர் பேருந்து வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகிறது. வசந்தம் வந்தால் ஆறு வாரம், கணவாய்க்கு மேலே இந்த மொட்டைப் பாறையில்தான் இருவருக்கும் பகல் கழிகிறது. வடக்கே போகும் கழுகுகளை எண்ணிப் பறவைக் கணக்கெடுப்பு அலுவலகத்துக்கு எழுதுகிறார்கள். யாரும் சம்பளம் தருவதில்லை. அவர்களைப் பற்றி எழுத வந்த நானும் இரண்டு நாளாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

எதிர்முகட்டுக் கோபுரத்தைத் தாண்டினால்தான் கழுகு கணக்கில் சேரும். தாண்டிய பிறகு காற்று சரியில்லாமல் திரும்பிவிட்டால், "இறங்கிட்டான், ஒண்ணை அடிச்சுடு" என்பார். குறுக்கே காகம் பறந்தால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. "அது லோக்கல். நம்மது எக்ஸ்பிரஸ்."

முப்பத்தோரு வருடங்களுக்கு முன் இப்படியொரு வசந்தக் காலையில் அவருடைய பேருந்து இதே கணவாயில் பழுதாகி நின்றது. டிரைவர் வண்டிக்கு அடியில்; பயணிகள் இவரைச் சூழ்ந்துகொண்டு திட்டிக்கொண்டிருந்தார்கள். சலிப்போடு அண்ணாந்தவர் அப்படியே நின்றுவிட்டார். வானம் கொள்ளாமல் கழுகுகள்! எண்ணிக் குறிக்கப் பென்சில் தேடியபோது, ஜன்னலோரத்திலிருந்து ஒரு பெண் தன்னுடையதை நீட்டினார். அதைத் திருப்பிக் கொடுக்கப் போய்ப் போய், கதை கல்யாணத்தில் முடிந்தது.

"அன்னைக்கு இருநூத்திப் பதினாலு" என்கிறார், நேற்று நடந்ததுபோல.

"திட்டு வாங்கினது அதைவிட ஜாஸ்தி. வண்டி சரியானதும் டிரைவர் ஹாரன் அடிச்சு அடிச்சு ஓஞ்சுட்டாரு, இவருக்குக் காதே கேக்கல" என்கிறார் மனைவி. இருவர் குரலும் குழைந்துவிடுகிறது.

இந்த வருடம் எண்ணிக்கை பாதிதான். "எங்கயோ செத்து விழுந்துட்டாங்கம்மா" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார். அலுவலகத்துக்கு அப்படியே எழுதிவிடப் போவதாக இன்று காலை சொன்னதும், மனைவி பென்சிலைக் கீழே வைத்தார்.

"என்னங்க, கோபுரத்துக்கு இடது பக்கம், மேக ஓரத்துல பாருங்க. ஏழு."

வெகுநேரம் பார்த்தார். "மேகம்தானே இருக்கு."

"இருக்குங்க. இப்ப எல்லாமே தாண்டிடுச்சு."

கண்டக்டர் மெல்லத் திரும்பினார். "எத்தனை நாளா இப்படி?"

"இந்த வருஷம் ஆரம்பத்துலேர்ந்தே. கண் டாக்டர்கிட்ட போலாம்னு சொன்னா, 'எனக்கு மைல்கல்லே தெரியுது'ன்னு வாயை அடைச்சிடுவீங்க. எப்படிச் சொல்றதுன்னு தெரியல." தாளைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் முழுக்க நெருக்கமாகக் கோடுகள். "நீங்க பாக்காம போனது."

தாளைக் கண்ணருகே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிசையாக விரலால் தடவினார். கோபம் வரும் என்று நான் பயந்தேன்.

"அப்ப... யாரும் சாகலயா? எல்லாரும் வந்துட்டுதான் இருக்காங்களா?"

"வழக்கம்போல வந்துட்டுதான் இருக்காங்க."

முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தார். பிறகு எழுந்து, தொலைநோக்கி ஸ்டாண்டின் திருகுகளைத் தளர்த்தி, அதன் மூன்று கால்களையும் ஒவ்வொன்றாக மனைவியின் உயரத்துக்குத் தாழ்த்தினார்.