பாம்பு கடித்த மூன்று மாமாக்கள்

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் பிளேஸ்டோவில் எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில் என்ன படிக்க வேண்டும் என்பதை நாலைந்து வருடம் தீர்மானித்தவனும் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைப்பட வேண்டிய விஷயம் என்பதால் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து மனைவி, மகளோடு இந்த இங்கிலீஷ்காரர் நாட்டில் வந்து இறங்கி, பெட்ரோல் நிலையத்தில் இரண்டு ஷிப்ட் நின்று, பிறகு சொந்தக் கடை போட்டேன். எங்கள் தெருவில் முதன்முதலில் போட்டோகாப்பி மெஷின் வைத்தது என் கடையில்தான். பிள்ளைகள் பல்கலைக்கழக விண்ணப்பத்தைப் பிரதி எடுக்க அங்கேதான் வருவார்கள். பின்னாலேயே தாய் தகப்பன் வருவார்கள்.

"அண்ணை, இதில என்ன படிப்பைப் போடுறது?"

நான் பிள்ளையை ஒரு பார்வை பார்ப்பேன். கணக்கு நன்றாக வருமென்றால் இன்ஜினியரிங். மற்றவர்களுக்கு மெடிசின். ரத்தத்தைக் கண்டால் மயங்குகிற பிள்ளைக்கு மட்டும் அக்கவுண்டன்ஸி. நான்காவதாக ஒரு படிப்பு உலகத்தில் இருக்கிறதென்று எனக்கும் தெரியாது, கேட்க வந்தவர்களுக்கும் தெரியாது.

விண்ணப்பத்தில் ஒரு பெரிய கட்டம் உண்டு. ஏன் இந்தப் படிப்பை விரும்புகிறாய் என்று பிள்ளை தானே எழுத வேண்டிய இடம். அங்கே வந்ததும் எல்லாரும் பேனையைக் கடிப்பார்கள். ஒரு வருடம் ஒரு பொடியனின் விண்ணப்பப் பிரதி ஒன்று மெஷினிலேயே தங்கிவிட்டது. எட்டு வயதில் ஊரில் தன் மாமாவைப் பாம்பு கடித்ததையும், டாக்டர் வந்துசேர நேரமாகி மாமா கண்முன்னே செத்துப்போனதையும், அன்றைக்கே தான் டாக்டராவது என்று முடிவெடுத்ததையும் அவன் எழுதியிருந்தான். உண்மைக் கதை. அவனுக்கு மெடிசின் கிடைத்தது. அந்தத் தாளை எறிய எனக்கென்ன பைத்தியமா? பிறகு வந்தவர்களுக்கெல்லாம் அதை நீட்டி, "இது பாஸான தாள். இதைப் பார்த்து எழுது" என்பேன். பார்த்து எழுது என்றுதான் சொன்னேன். அப்படியே எழுதினாலும் நல்லதுதான் என்று நினைத்தேன். பாஸான தாளில் எதற்குக் கை வைக்க வேண்டும்?

தொண்ணூறுகளில் என் மகளின் முறை வந்தது. விண்ணப்பத்தில் கேட்ட எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் மெடிசின் என்று போடச் சொல்லி, அந்தத் தாளையும் கொடுத்தேன். அவள் ஒன்றும் பேசவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாளுக்கு நாலு நாள் இருக்கும்போது அவளுடைய கல்லூரி ஆசிரியை ஒருவர் என்னை வரச்சொன்னார். பிள்ளைகளுக்குப் படிப்பைத் தெரிவுசெய்ய உதவுவதுதான் அவருடைய வேலையாம். நான் கடையில் நின்றபடி செய்வதற்கு இவர்கள் தனியாக ஆள் வைத்திருக்கிறார்களே என்று சிரிப்பு வந்தது. என்னைப் பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, கோட் போட்டு, டை கட்டிக்கொண்டு போனேன்.

மேசையில் மூன்று விண்ணப்பங்கள் கிடந்தன. ஒன்று என் மகளுடையது, மற்றவை எங்கள் தெருவின் இன்னும் இரண்டு பிள்ளைகளுடையவை. ஆசிரியை ஒவ்வொன்றிலும் விரலை வைத்து மெல்லப் பேசினார். என் கடை இங்கிலீஷுக்கு அது எட்டவில்லை. பக்கத்தில் இருந்த மகள்தான் தலையைக் குனிந்தபடி தமிழில் சொன்னாள்.

"அப்பா, மூண்டு பேரின்ரை மாமாவையும் பாம்பு கடிச்சதோ எண்டு கேக்கிறா."

நான் டையை இழுத்துச் சரிசெய்தேன்.

"கடிக்கலாம்தானே. ஊரில பாம்பு நிறைய எண்டு சொல்லு."

"என்னண்டு சொல்லுறது? எட்டு வயசில நான் பிளேஸ்டோவில இருந்தன். மாமா இங்கை பக்கத்தில, குட்மேய்ஸில சுகமா இருக்கிறார்!"

ஒரே கதை மூன்று தாளில் போனால் மூன்றும் குப்பைக்குத்தான் போகும், இவற்றை நான் அனுப்ப மாட்டேன் என்றார் ஆசிரியை. முந்திய வருடங்களில் என் கடைக்கு வந்த பிள்ளைகள் வேறு வேறு பள்ளிக்கூடங்களில் படித்ததால்தான் நான் தப்பியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. எத்தனை பிள்ளைகளின் தலையில் கல்லைப் போடப் பார்த்திருக்கிறேன்!

உங்கள் மகளுக்கு எதில் விருப்பம் என்று அவர் கேட்டார். அது எனக்கே விளங்கிற்று. "மெடிசின்" என்றேன். அவர் என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். அவள் பேசத் தொடங்கினாள். கையை ஆட்டி ஆட்டி, மூச்சு விடாமல் பேசினாள். என் வீட்டில் பதினேழு வருடம் இருந்த பிள்ளை இவ்வளவு பேசுவாள் என்று நான் அறியேன்.

"என்ன சொல்லுறாய்?"

"கல்லும் மண்ணும், அப்பா. பூமிக்குக் கீழை என்ன இருக்கெண்டு படிக்கிறது. ஜியாலஜி."

"கல்லும் மண்ணும் படிக்கவோ கடல் தாண்டி வந்தனாங்கள்? அது யாழ்ப்பாணத்திலையே கிடக்குதே!"

"அங்கை கிடக்கிறது சுண்ணாம்புக்கல்லு, அப்பா. மழைத்தண்ணி அந்தக் கல்லுக்குள்ளை இறங்கித்தான் எங்கடை கிணத்துக்கு வாறது. உங்களுக்கு அது தெரியுமோ?"

முப்பத்தைந்து வயதுவரை அந்தக் கிணற்றில் அள்ளிக் குளித்தவன் நான். தண்ணீர் எங்கிருந்து வருகிறதென்று ஒருநாளும் கேட்டதில்லை. ஆறு வயதில் ஊரைவிட்டு வந்தவள், அதை எனக்குத் தெரியாமல் எங்கேயோ தேடிப் படித்திருக்கிறாள்.

அவள் புதிதாக எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் திருத்தச் சொல்லியிருப்பேன். விண்ணப்பம் கடைசி நாள் போனது. பிறகு இடமும் கிடைத்தது.

ஆனால் கல்லூரியிலிருந்து வந்த அன்றே எனக்கு இன்னொரு வேலை இருந்தது. மற்ற இரண்டு வீட்டுக்கும் நீங்களே போய்ச் சொல்லுங்கள் என்று ஆசிரியை சொல்லிவிட்டார். முதல் வீட்டுக்காரர் தன் மகள் டாக்டராகிவிட்டாள் என்றே ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தவர்.

"அப்ப அந்தத் தாள் சரிவராதோ, அண்ணை?"

"சரிவராது."

"வேறை பாஸான தாள் வைச்சிருக்கிறியளோ?"

"இல்லை. பிள்ளைக்கு என்ன விருப்பமெண்டு கேளுங்கோ. அதைத்தான் எழுதவேணும்."

"பிள்ளையையோ?" என்றார். நான் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னதுபோல மனைவியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மகளைக் கூப்பிட்டு, "உனக்கு என்ன பிள்ளை விருப்பம்?" என்று கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள், என்ன படிப்பென்று நான் சொல்லட்டும் என்று காத்துக்கொண்டு. மெடிசின் இல்லாவிட்டால் அக்கவுண்டன்ஸி என்று என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாயை இறுக்கிக்கொண்டு எழும்பி, கோட்டை எடுத்து மாட்டினேன்.