மிதவை நின்ற இடம்

நான் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். என் மருமகப்பிள்ளை கெட்டவர் என்று எவர் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எதிரே தெரிகிற நான்கு தீவுகளையும் அரசாங்கம் காப்பிடமாக்கியபோது காவலுக்கு எடுத்த ஆறு பேரில் அவர் ஒருவர். பதினோரு வருடமாகத் தினக்கூலி. தீவில் கால்வைக்க வருகிறவர்களை விரட்டுவார். பறவைக் கூடுகளை எண்ணுவார். பவளப்பாறையில் சிக்கிய கிழிசல் வலைகளை முங்கி அறுத்தெடுப்பார். அடைகாக்கும் பறவை பக்கத்தில் இருந்தால் தும்மலைக்கூட மென்று விழுங்குவார். "அதையெல்லாம் சேர்த்து வச்சு வீட்ல வந்துல்ல தும்முறாரு!" என்பாள் என் மகள்.

காப்பிடத்தின் எல்லையைக் காட்டுவது சிவப்பு மிதவைகள். அவற்றுக்கு உள்ளே யாரும் வலை போடக்கூடாது. ஒரு புயலில் ஒரு மிதவை அறுந்து கரையொதுங்கியது. அலுவலகத்துக்கு எழுதிப்போட்டு ஆள் வருவதற்குள் மாதம் ஓடிவிடும் என்று, அவரே கொண்டுபோய்க் கட்டினார். எங்கள் ஆட்கள் கருவி வைத்துக் கடலில் இடம் பார்ப்பதில்லை. தீவிலிருக்கும் காவல் கோபுரமும் பின்னால் கடலுக்குள் நீண்டு தெரியும் மலைமூக்கும் ஒரே கோட்டில் வந்தால் அதுதான் இடம். பழைய கோபுரத்தை இடித்து, நூறு அடி தள்ளிப் புதியது கட்டியிருந்தார்கள். அவருக்குத் தெரியாதா என்ன? அதற்குக் கல் சுமந்தவரே அவர்தான். கண் பழகிய பழக்கத்தில் புதுக் கோபுரத்தைப் பார்த்துக் கட்டிவிட்டார். கோடு விலகி, மிதவை காப்பிடத்துக்கு உள்ளே போய் நின்றது.

அந்த மிதவைக்கு வெளியேதான் என் மகன் வலை போட்டான்; ஆனால் அசல் எல்லைக்கு அது உள்ளே. பெரிய அலுவலகத்துப் படகு, இடம் காட்டும் கருவியோடு வந்து வளைத்தது. அதில் மருமகப்பிள்ளையும் இருந்தார்.

"மச்சான், மிதவை அங்க கிடக்கு, நான் இங்க நிக்கிறேன். நீயே சொல்லு!"

மருமகப்பிள்ளை கோபுரத்தைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வாய் திறக்கவில்லை. படகை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்று சாயங்காலம் என் அடுப்படியில் வந்து உட்கார்ந்து அழுதார்.

"அத்தை, தப்பு என்னோடது. ரெண்டு மாசத்துல வேலை நிரந்தரமாகுது. ஆர்டர் கைக்கு வரட்டும், சொல்லிடறேன். அப்புறம் என்னைத் தூக்க முடியாது."

"அதுவரைக்கும் அவன் படகு?"

"அலுவலகத்துக் கரையிலதான நிக்குது. எங்க போயிடப் போகுது?"

மகளை நினைத்தேன். சரியென்று தலையாட்டினேன். இதையும் எழுதுங்கள், விட்டுவிடக் கூடாது.

ஆர்டர் வர ஐந்து மாதமானது. வந்த அன்றே அதிகாரி முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னார். அதிகாரி அவரை அலுவலகத்தின் பின்பக்கம் அழைத்துப் போனார். பிடித்து வைத்த படகுகளை முந்தின வாரமே உடைத்துவிட்டார்கள். என் மகன் கையால் பச்சை அடித்த பலகைகள் சில கிடந்தன.

அவர் கணக்கு தப்பவில்லை. வேலையிலிருந்து தூக்க முடியவில்லை. தினமும் சீருடை மாட்டிக்கொண்டு தீவுக்குப் போகிறார். என் மகன் ஐஸ் கம்பெனியில் கட்டி தள்ளுகிறான். அக்கா வீட்டு வாசல் வழியாகத்தான் நேர்வழி. அவன் சுற்றிப் போகிறான்.

ஒருநாள் கேட்டான்: "உனக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"

தெரியும் என்றேன். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனான். அன்றிலிருந்து என் கையால் சாப்பிடுவதில்லை.