பதினோரு நொடியில் மடங்கும் கூரை

நாற்பத்தைந்து நொடியைப் பதினொன்றாகக் குறைக்க அவருக்கு ஐந்து வாரம் பிடித்தது. ஐம்பத்து நான்கு வயது லிப்ட் மெக்கானிக். குறைத்தது லிப்ட் மேலே போகும் நேரத்தை அல்ல. வீட்டை ஒட்டிய ஷெட்டில் நிற்கும் பழைய இரண்டு சீட்டுக் காரின் துணிக்கூரையை மடிக்கும் நேரத்தை.

வாங்கிய நாளிலிருந்தே கூரையின் இரும்புச் சட்டம் முரண்டு பிடித்தது. ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் சிக்கும். முழங்காலால் முட்டுக்கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டுதான் மடிக்க வேண்டும். ஞாயிறுதோறும் அதன் மூட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். துருவைச் சுரண்டினார், தேய்ந்த போல்ட்டுகளை மாற்றினார், துளைகளில் பித்தளை புஷ் வளையங்களை இறக்கி கிரீஸ் வைத்தார். கடைசியில் ஒற்றை விரலால் தள்ளினாலே சட்டம் வழுக்கிக்கொண்டு போனது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மூன்று தடவை மடித்தார். மூன்று தடவையும் பதினொன்று.

வேலையிடத்தில் அவருக்குப் பட்டப்பெயர் 'நிதானம்'. எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முதலில் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுவார். 'ஆள் வேலையில்' என்ற அட்டையைத் தொங்கவிடுவார். பிறகுதான் ஸ்பானரைத் தொடுவார். கூட வேலை பார்த்த யாருக்கும் இதுவரை ஒரு கீறல் விழுந்ததில்லை. ஆனால் வீட்டுக் காருக்கு யார் அட்டை மாட்டுவார்கள்?

அவர் மனைவி முன்னறையில் மெஷின் போட்டுத் தைப்பவர். தெருவில் பாதிப் பேரின் இடுப்பளவு அவருக்கு மனப்பாடம். காரின் கூரைத் துணியும் அவர் தைத்ததுதான். அதன் ஓரத்தில் ஒரு சாண் தையல் விட்டுப்போயிருந்தது. அதை முடிக்க அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊசியும் நூலுமாக ஷெட்டுக்குப் போனார். சட்டத்தைப் பாதி உயரத்தில் விட்டுவிட்டு மடிப்புக்குள் கையை நுழைத்தார். எப்போதும் அப்படித்தான் செய்வார். பழைய சட்டம் விட்ட இடத்தில் நிற்கும். துருவும் இறுக்கமும்தான் அதைத் தாங்கிப் பிடித்திருந்தன. இப்போது அவை இல்லை. சட்டம் சரிந்து வந்து வலது கையின் இரண்டு விரல்களை நசுக்கியது.

சத்தம் கேட்டு ஓடிவந்த மெக்கானிக் சட்டத்தைத் தூக்கினார். அது பஞ்சுபோல எழும்பியது. என்ன நடந்திருக்கிறது என்று அந்த நொடியே அவருக்குப் புரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி ஆனது என்று கேட்டார்.

"நான்தாங்க, கவனமில்லாம அது மேல சாஞ்சுட்டேன்போல" என்றார் மனைவி.

மெக்கானிக் பக்கத்தில்தான் நின்றார். வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். வீட்டுக்கு வந்ததும், நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தார். இருபது நாள் ஓடிவிட்டது.

எலும்பு கூடிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் மனைவி வேறொரு முடிவுக்கு வந்திருந்தார். "இத்தன வருஷமா ஊசி பிடிக்கிறேன், ஒரு நாள் குத்திக்கிட்டதில்ல. இப்ப கை எங்க போகுதுன்னே எனக்குத் தெரியல. நாளைக்கு அடுத்தவங்க துணியில கத்திரிய தப்பா வச்சுட்டா?" வந்த துணிகளைத் தைக்காமலே திருப்பிக் கொடுத்தார். தையல் மெஷினைத் தம்பி மனைவிக்குக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார்.

மெஷினை எடுத்துப்போகத் தம்பி சனிக்கிழமை வேனோடு வந்தார். மெக்கானிக் ஷெட்டில் குனிந்து, சட்டத்தின் இரு பக்கமும் தடுப்புக் கொக்கி பொருத்திக்கொண்டிருந்தார்.

"என்ன அத்தான், அக்கா கையக் கடிச்சதுக்கு வாய்ப்பூட்டு போடுறீங்களா?"

"இது மாட்டிட்டா பாதியில விட்டாலும் கீழ வராது."

"அப்ப முன்னாடி வந்துச்சா?"

தம்பி சிரித்துக்கொண்டுதான் கேட்டார். மெக்கானிக் ஸ்பானரைக் கீழே வைத்தார். கையைக்கூடத் துடைக்காமல் உள்ளே போனார். மனைவி இடது கையால் நூல்கண்டுகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அத எடுத்து வைக்காத."

"ஏங்க?"

"நீ சாயல. உன் கை மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் மூட்டெல்லாம் இளக்கி விட்டேன். இனிமே தானா நிக்காதுன்னு உங்கிட்ட சொல்லாம விட்டுட்டேன்."

மனைவி கையிலிருந்த நூல்கண்டைப் பார்த்தார். "இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கு, தூக்குனப்பவே."

"டாக்டர்கிட்ட நான் சொன்னப்ப பக்கத்துலதான நின்னீங்க?"

"ஆமா."

"இருபது நாளா என் கையப் பாத்து நானே பயந்துட்டு இருந்தேன். சோத்துல கை வைக்கிறப்பக்கூட. அதையும் பக்கத்துல உக்காந்து பாத்துட்டுதான இருந்தீங்க?"

குரலை உயர்த்தவே இல்லை. கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

வாசலில் நின்ற தம்பிக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. "அக்கா, மெஷின வண்டியில ஏத்தவா, வேணாமா?"

"வேணாம். திங்கக்கிழம உனக்கு லீவு கிடைக்குமா?"

"கேட்டா கிடைக்கும். ஏன்?"

மனைவி பெட்டியிலிருந்த நூல்கண்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுக்கத் தொடங்கினார். மெக்கானிக் உதவப் போனார். பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார் மனைவி.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு விரல் கட்டைப் பிரிக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குக் கூடப் போவது தம்பி.