செஞ்சியில் ஒரு கரண்ட் போர்வை

இந்த வாரப் பத்தியைக் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். நாற்காலியில் சாய முடியவில்லை. முதுகில் ஓர் அடி. அடித்தவர் என் மனைவி.

பதற வேண்டாம். அக்கறையினால் விழுந்த அடிதான். எப்படி என்று சொல்கிறேன்.

செஞ்சியைத் தெரியுமல்லவா உங்களுக்கு? மூன்று பக்கமும் மலை. பச்சை மலை இல்லை, பாறை மேல் பாறை... சித்திரையில் குடித்த வெயிலை ஐப்பசி வரைக்கும் துப்பிக்கொண்டிருக்கும் பாறை. இந்த ஊரில் ஒருவன் சூடு தருகிற போர்வையை விலைக்கு வாங்க யோசித்தால் அவனை என்ன சொல்வார்கள்? கடைத்தெருவில் சொன்னதை இங்கே எழுதினால் பத்திரிகை ஆசிரியர் அதை அடித்துவிடுவார்.

ஆனால் கார்த்திகை பிறந்துவிட்டால் இது வேறு ஊர். குளத்திலிருந்து பனி எழுந்து தெருத்தெருவாக நடக்கும். விடியற்காலையில் பாறையைத் தொட்டால் செத்த மீனைத் தொட்டது போலிருக்கும். எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்நேரத்தில் நான் பாறைப் பக்கம்தான் இருப்பேன். ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாத ஆள் நான். விடியுமுன் கிளம்பிக் கோட்டை வரை நடந்து, வெயில் ஏறித்தான் திரும்புவேன். அந்தப் பனியையும் கிளிகளையும் பற்றி இந்தப் பக்கத்தில் எத்தனை வாரம் எழுதித் தள்ளியிருக்கிறேன்! வீட்டுக்குள் எப்படி விடிகிறது என்று ஒரு நாளாவது பார்த்தேனா?

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. நடை இல்லை. அடுப்படிக்குப் போனேன்.

தனம் வெந்நீர்ப் பானையின் ஆவியில் இரண்டு கைகளையும் காட்டிக்கொண்டிருந்தாள். பிறகு இடது கையால் வலது கை விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள். கசங்கிய காகிதத்தை நீவுவது போல. சுண்டு விரலுக்கு வரும்போது உதட்டைக் கடித்துக்கொண்டாள். பழகிப்போன வேலையைச் செய்கிறவளின் முகம் அது.

எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். இரண்டு குளிர்காலமாக என்றாள். என்னிடம் சொல்லவே இல்லையே?

“நீங்க எங்க வூட்ல இருந்தீங்க, சொல்றதுக்கு?”

கோபமில்லாமல் சொன்னாள். அதுதான் சுட்டது.

தனம் இங்கே பெண்கள் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு டீச்சர். முதல் பீரியடில் சாக்பீஸ் கையில் நிற்பதில்லையாம். விழுகிறதாம். பிள்ளைகள் சிரித்தால்கூடத் தேவலை. சத்தமே போடாமல் ஓடிவந்து, நான் நீ என்று போட்டி போட்டு எடுத்துக் கொடுக்கிறார்களாம். அந்தப் பரிவைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அரைப் பரீட்சை முடிந்ததும் வேலையை விட்டுவிடுவதாக முடிவு செய்திருந்தாள். இருபத்திரண்டு வருஷத்து வேலை! எங்கள் பெண் கல்யாணமாகிப் போன பிறகு, அந்த நாலாம் வகுப்புதான் அவளுக்குப் பேச்சுத் துணை. நான்தான் கிளி பார்க்கப் போய்விடுகிறேனே.

டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்தார். மாத்திரை எழுதினார். “வெடிகாலையில கைய சூடா வெச்சிக்கங்கம்மா” என்றார். எப்படி என்று அவர் எழுதவில்லை.

அதற்கான வழி கடைத்தெருவில், விளக்குக் கடைச் செட்டியாரிடம் இருந்தது. பாண்டிச்சேரியிலிருந்து சொந்த தேசத்துக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் சாமான்களை மொத்தமாக எடுத்திருந்தார். மேஜை விளக்கும் ஃபேனும் போன இடம் தெரியவில்லை. மிச்சம் நின்றது இந்த ரோஸ் நிறப் போர்வை. உள்ளே நரம்பு மாதிரி ஒயர். வால் மாதிரி ஒரு சுவிட்ச். கூட வந்த காகிதம் பூராவும் பிரெஞ்சு. அதில் எங்களுக்குப் புரிந்தது படம் மட்டும்தான்: ஒரு பெண் போர்வைக்குள் சிரித்தபடி தூங்குகிறாள்.

“ஒரு வாரம் வெச்சிப் பாருங்க சார். புடிச்சா காசு குடுங்க, புடிக்கலன்னா போர்வையக் குடுங்க” என்றார் செட்டியார்.

தனம் அதைத் தொடவே மாட்டேன் என்றாள். கரண்டைச் சுற்றிக்கொண்டு யாராவது படுப்பார்களா?

பிளக் போட வந்த ஒயர்மேன் ஏழுமலைதான் தைரியம் சொன்னான். சொல்கிறேன் என்று ஆரம்பித்து, இருந்த தைரியத்தையும் கலைத்துவிட்டுப் போனான்! காலை ஆறு மணிக்கு மேல் இதைப் போட்டுப் பிரயோஜனமில்லை, அனந்தபுரம் பக்கம் மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, தண்ணி பாய்ச்ச மோட்டார் போட்டுவிடுவார்கள், இங்கே பல்பே மங்கி அழும் என்றான். அது சரி. போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னான்:

“ஒருவேள புடிச்சிக்கிச்சின்னா கையால இழுத்துடாதீங்க டீச்சர். காஞ்ச கட்டையா எடுத்து ஒரே போடு.”

போதாதா?

முதலில் நான் படுத்துப் பார்க்கிறேன் என்று முன்வந்தேன். ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை நாலு மணி. தனம் ஒரு கட்டை தேடினாள். உலக்கையை எடுத்தாள், அதில் இரும்புப் பூண், வைத்துவிட்டாள். மத்து குட்டை. கடைசியில் கரும்பலகையில் கோடு போடுகிற மூன்றடி மர ஸ்கேல் அகப்பட்டது. அதை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தில், பக்கத்தில் யாரும் இப்படி உட்கார்ந்திருக்கவில்லை.

நன்றாகத்தான் இருந்தது... தாய்க்கோழியின் வயிற்றடியில் கிடப்பது போல. கண்ணை அசத்தியது. தூக்கத்தில் கால் ஒரு வெட்டு வெட்டியிருக்கும் போலிருக்கிறது. எல்லாருக்கும் வெட்டுவதுதானே?

ஒருக்களித்துக் கிடந்த முதுகில் பளீரென்று விழுந்தது.

துள்ளி எழுந்தேன். ஸ்கேலைக் கீழே போட்டுவிட்டு என் சட்டையைப் பற்றிக்கொண்டு நின்றாள் தனம். “புடிச்சிக்கிச்சின்னு நெனச்சேன்... புடிச்சிக்கிச்சின்னு நெனச்சேங்க...” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த விறைத்த விரல்களால் என் சட்டையை அவ்வளவு இறுக்கமாக எப்படிப் பிடித்தாள் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அந்தக் கணத்தில், போர்வையைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று நான் தீர்மானித்துவிட்டேன்.

அவள்தான் விடவில்லை. அடி வாங்கியும் கரண்ட் பிடிக்கவில்லை அல்லவா? அப்படியானால் சாமான் நல்ல சாமான்தான். மறுநாள் அவள் படுக்க, நான் காவல். ஸ்கேலோடு நிமிர்ந்து உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள்.

கண் விழித்தபோது ஐந்தே முக்கால். நாற்காலியிலேயே தலை தொங்கக் கிடக்கிறேன். ஸ்கேல் என் கையில் இல்லை. தனம் கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஸ்கேல், மடியில் போர்வை, அதற்குள் இரண்டு கைகள். கொஞ்சமும் தூங்கவில்லையாம். பயத்தினால் இல்லை, காவல்காரர் தூக்கத்தில் போர்வைமேல் சாய்ந்துவிடுவாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தாளாம்!

சொல்லிவிட்டுச் சிரித்தாள். இதற்கு ஏன் சிரிப்பு என்று கேட்டேன். கைகளை வெளியே எடுத்தாள். மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள். சுண்டு விரலும் கூடவே வந்தது.

அந்தச் சுண்டு விரலை நானும் ஒரு முறை மடக்கிப் பார்த்தேன்.

அன்றைக்கு முதல் பீரியடில் சாக்பீஸ் விழவில்லை. சாயங்காலம் வந்ததும் வராததுமாகத் தனம் தீர்ப்புச் சொன்னாள்:

“இத மேல போட்டுக்கினு தூங்க என்னால ஆவாது. தூங்கறதுக்கு வேணாம். முழிச்சிருக்கறதுக்கு வாங்கலாம்.”

வாங்கிவிட்டோம்.

இப்போது நாலரைக்கு எழுகிறோம், இரண்டு பேரும். அவள் கைகள் போர்வைக்குள்; என் கால்களும் ஓரமாக. அனந்தபுரத்து மோட்டார்கள் விழிப்பதற்குள் ஒன்றரை மணி நேரம். பேசுகிறோம். நாலாம் வகுப்பில் ஒருத்தி கணக்கை இடமிருந்து வலமாகக் கூட்டுகிறாளாம். இன்னொருத்திக்கு டீச்சர் மூக்குத்தி மேல் கண்ணாம். இதெல்லாம் எத்தனை வருஷமாக என் வீட்டிலேயே நடந்துகொண்டிருந்த கதைகள்! கோட்டைக்கு நான் இப்போது சாயங்காலத்தில் போகிறேன். கிளிகள் அப்போதும் இருக்கின்றன. பெரிய நஷ்டமில்லை.

வேலையை விடும் பேச்சு? அடுத்த வருஷமும் நாலாம் வகுப்பே வேண்டும் என்று தலைமை ஆசிரியையிடம் கேட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

நேற்று கடைத்தெருவில் செட்டியார் மறித்தார். போர்வை எப்படி, நன்றாகத் தூக்கம் வருகிறதா என்று விசாரித்தார். தினம் ஒரு மணி நேரம் தூக்கம் குறைந்துபோச்சு, செட்டியாரே என்றேன்.

மனுஷர் முகம் வாடிவிட்டது. “அப்ப கொண்டாந்து குடுத்துடுங்க சார், திருப்பி எடுத்துக்கறேன்” என்றார்.

முதுகு வலியையும் பொருட்படுத்தாமல் ஓட்டமும் நடையுமாக வீடு வந்து சேர்ந்தேன்.