தனியாகத் தட்டிய கதவு

திருவொற்றியூரில் எங்கள் லைன் வீடுகளில் ஒருத்தி அடி தாங்காமல் அலறினால், கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவோம். அடிக்கிறவனைச் சட்டையோடு பிடித்துத் தெருவில் இழுத்துப் போடுவோம்.

கல்யாணமாகி, வெல்டரான கணவரோடு ஜெர்மனிக்குப் போன புதிதில், ஒரு மாலை மேல்மாடியில் அதே அலறல் கேட்டது. கணவர் வேலையில் இருந்தார். பூரிக்கட்டையோடு ஏறிப்போய்க் கதவை இடித்தேன். திறந்தவன் என் கூந்தலைப் பிடித்து, முகத்தைக் கதவு நிலையில் மோதினான். உதடு கிழிந்தது. பல் உடைந்து வாயெல்லாம் ரத்தம். “காப்பாத்துங்க” என்று தமிழிலேயே கத்தினேன். அந்த மாடியில் ஒரு கதவும் திறக்கவில்லை. இவர்களெல்லாம் மனிதர்களா என்று வயிறெரிந்தது.

அவன் மறுபடி மோதுவதற்குள் போலீஸ் படியேறி வந்து அவனைக் குப்புறத் தள்ளி விலங்கு மாட்டியது. மூடிய கதவுகளுக்குப் பின்னால் இருந்தவர்கள்தான் போன் செய்திருக்கிறார்கள், நான் மாடி ஏறுவதற்கு முன்பே.

ஊரில் எங்கள் எதிர்வீட்டுப் போனுக்கு அம்மாவை வரவழைத்து அழுதேன்.

“தனியாவா போன? இங்க சத்தம் கேட்டா தெருவே ஓடியாரும். அங்க உன் பின்னால யாருடி வந்தா?” என்றாள்.

இப்போது ஊருக்கே திரும்பிவிட்டோம். அலறல் கேட்டால் முதலில் போலீசுக்குப் போன் செய்கிறேன். ஆனால் அவர்கள் வரும்வரை உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. ஓடத்தான் செய்கிறேன். அடிக்கிறவன் வீட்டுக் கதவைத் தட்டுமுன், வழியிலுள்ள அத்தனை கதவுகளையும் தட்டிவிடுகிறேன்.

— ஒரு வாசகி, திருவொற்றியூர்