வளைவில் விட்டு வைத்த ஆள்

புருஷன் செத்தவள் கறுப்பு உடுத்திக்கொண்டு வேனில் ஏறினால் கடைசி வரிசையில்தான் உட்கார வேண்டும். இது நான் போட்ட சட்டம் இல்லை. துகேலா ஆற்று மலைகளிலிருந்து டர்பன் நகரத்துக்கு ஓடுகிற எந்த வேனிலும் இப்படித்தான். ஒரு வருஷம் போனதும் வீட்டில் ஆடு அறுத்து, சோள பீர் காய்ச்சி, கறுப்பைக் கழற்றி எரித்துவிட்டு முன் சீட்டுக்கு வந்துவிடுவார்கள். சிபுயிலே மட்டும் வரவில்லை. ஆறு வருஷமாக என் வேனின் கடைசி ஜன்னலோரத்தில் கறுப்புத் தலைத்துணியும் கறுப்புச் சால்வையுமாக உட்கார்ந்திருந்தாள். எனக்கு முன்னால் இருக்கிற கண்ணாடியில் அவள் முகம் தெரியும். வண்டி ஓட்டுகிறவனுக்கு அது நல்லதில்லை.

இத்தனைக்கும் ஒரு காலத்தில் எங்கள் வேன் நிறுத்தத்தில் அவள் குரல்தான் பெரிய குரல். எண்ணெயில் பொரித்த மாவு உருண்டை விற்றாள். ஒன்று வாங்கினால் போதாது, இரண்டு வாங்கினால் இன்னொன்றுக்கு ஏங்க வைக்கும். "மபாசோ, உன் வேன் மாதிரியே உன் வயிறும் காலியாத்தான் இருக்கு, வந்து நிரப்பிக்க" என்று நாலு பேர் கேட்கக் கூப்பிடுவாள். மபாசோ என்பது என் குலப் பெயர். அவள் புருஷனுக்கும் அதே குலம்தான், அந்த வகையில் எனக்கு அவள் மதினி. கறுப்பு உடுத்திய பிறகு அவள் கையால் தொட்ட தின்பண்டத்தை யாரும் வாங்கவில்லை. துக்கக்காரியின் கையில் துக்கம் ஒட்டியிருக்கும் என்பார்கள். அடுப்பை அணைத்துவிட்டு, இரண்டு பிள்ளைகளோடு, புருஷனின் அண்ணன் கொடுக்கிற மாவில் பொங்கிக் காலத்தைத் தள்ளினாள்.

புருஷன் பெயர் கெத்தானி. டர்பனில் கொத்தனார் வேலை. ஈஸ்டருக்கு ஊர் வரும்போது அண்ணன் டெலானியின் பிக்கப் வண்டியில் வந்தான். ஓட்டியது டெலானி. வெள்ளைக்கல் வளைவில் கரும்பு லாரி ஒன்றை முந்தப் போய், எதிரே வந்த வண்டிக்கு ஒதுங்கி, பள்ளத்தில் விழுந்தார்கள். டெலானிக்கு ஒரு கால் போனதோடு சரி. கெத்தானி அங்கேயே, புல்லில், ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே போய்விட்டான்.

அப்படிச் சாலையில் சாகிறவனை அடக்கம் செய்துவிட்டால் மட்டும் போதாது. உடம்புதான் வீடு வந்தது, ஆள் இன்னும் அங்கேயே நிற்பான், வழி தெரியாமல். குடும்பத்தில் மூத்த ஆண் காட்டு இலந்தைக் கிளை ஒன்றை எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போக வேண்டும். குலப் பெயர்களைச் சொல்லிக் கூப்பிட்டு, நடந்ததை அவனிடம் எடுத்துச் சொல்லி, "வா, வீட்டுக்குப் போகலாம்" என்று கிளையில் ஏற்றி அழைத்து வர வேண்டும். வேனில் அவனுக்கும் ஒரு சீட்டுக்குக் காசு கொடுப்பார்கள். நானே எத்தனையோ பேரை அப்படி ஏற்றி வந்திருக்கிறேன். காலியான சீட்டைப் பார்த்து எந்தப் பயணியும் முனகியதில்லை. அழைத்து வந்த பிறகுதான் ஆடு, பீர், கறுப்பைக் கழற்றுவது எல்லாம்.

டெலானி அழைத்து வர மறுத்துவிட்டான்.

"கேஸ் முடியட்டும்," என்றான். "நஷ்டஈட்டு ஆபீஸ்காரன் காசு குடுக்கணும்ல? கெத்தானிய வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டா அவன் பாட்டுக்கு நிம்மதியாப் படுத்துருவான். அப்புறம் யாரு அவனுங்கள உலுக்குறது? ரோட்டுல நிக்கட்டும். தூக்கமில்லாம நிக்கிறவன்தான் கடன்காரனத் தூங்க விடமாட்டான்."

கேட்டவர்களுக்கு இது நியாயமாகவே பட்டது. எனக்கும்தான். எங்கள் புத்தி அப்படி. வக்கீல் எழுதுகிற காகிதத்தை ஆபீஸ்காரன் குப்பையில் போடலாம், செத்தவனை எப்படிப் போடுவான் என்று தலையை ஆட்டினோம். பேயைக் கண்டு பயப்பட அந்த ஆபீஸில் ஒரு ஆளாவது வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அந்த ஆபீஸ் சங்கதியைச் சொன்னால் எனக்கு ரத்தம் கொதிக்கும். வண்டியில் அடிபட்டவனுக்கும் செத்தவன் குடும்பத்துக்கும் கொடுப்பதற்கென்றே அரசாங்கம் அதை வைத்திருக்கிறது. இந்த நாட்டில் யார் எங்கே பெட்ரோல் போட்டாலும் லிட்டருக்கு இவ்வளவு என்று அதற்குப் பங்கு போகிறது. நான் காலமெல்லாம் ஊற்றிய பெட்ரோலுக்கு அங்கே ஒரு மாடி எனக்கே எழுதி வைக்கலாம். ஆனால் போடுகிற பங்கைவிட விழுகிற ஆட்கள் அதிகமாம். இந்த வருஷக் காசு போன வருஷத்துச் சாவுக்கே பற்றவில்லையாம். மந்திரி கூட்டிக் கொடுக்க மாட்டாராம். சிபுயிலேக்குக் கோர்ட்டில் தீர்ப்பே வந்துவிட்டது, அவள் பக்கம்தான். அதற்குப் பிறகும் மாதா மாதம் என் வேனில் டர்பன் போய், வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

திரும்பும்போது வெள்ளைக்கல் வளைவில் ஜன்னலைத் திறப்பாள். ஏதோ முணுமுணுப்பாள். முதலில் ஜெபம் என்று நினைத்தேன். ஒருநாள் ரேடியோ ரிப்பேர், அப்போதுதான் காதில் விழுந்தது.

"இன்னும் குடுக்கல," என்று வெளியே பார்த்துச் சொன்னாள். "இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

அன்றிலிருந்து அந்த வளைவு வந்தாலே என் கால் தானாக பிரேக்குக்குப் போகும்.

ஒரு பகல், மூடுபனி. வளைவுக்குள் திரும்பினால் ரோட்டோரம் ஒரு ஆள் கையை நீட்டி நிற்கிறான். சிமெண்டுக் கறை படிந்த வேலை உடுப்பு. வேனை ஓரங்கட்டி நிறுத்தினேன். யாரும் ஏறவில்லை. யாரும் இல்லை.

"யாருக்குய்யா நிறுத்துன? காத்துக்கா டிக்கெட்டு போடப் போற?" என்று நடுவரிசையில் ஒரு குண்டம்மா கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டிவிட்டு வண்டியை எடுத்தேன்.

ஊரில் எல்லோரும் இறங்கிய பிறகு சிபுயிலே என் ஜன்னல் பக்கம் வந்தாள்.

"எந்தப் பக்கம் நின்னாரு மபாசோ? டர்பன் போற பக்கமா, ஊர் வர்ற பக்கமா?"

"ஊர் வர்ற பக்கம்," என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு மலையேறிப் போனாள். அவளுக்கு இருந்தது பயமில்லை, வீடு வரக் காத்திருக்கிறவனை அங்கேயே விட்டு வைத்த வெட்கம். அதைப் பார்க்க எனக்குத்தான் பொறுக்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் அதே வளைவில் இன்னொரு கார் விழுந்தது. பள்ளிக்கூட வாத்தியாரும் அவர் மனைவியும் அங்கேயே போய்விட்டார்கள். வேன் நிறுத்தத்தில் மறுநாளே பேச்சு மாறிவிட்டது. கெத்தானி தனியாக நிற்க முடியாமல் துணைக்கு ஆள் இழுக்கிறான் என்றார்கள். அவனை அங்கே நிற்க வைத்ததற்குத் தலையாட்டிய அதே வாய்கள்தான். ஆரஞ்சு விற்கிற ஒருத்தி சிபுயிலேயின் முகத்துக்கு நேராகவே கேட்டாள்.

"உன் காசுக்கு எங்க புள்ளைங்க சாகணுமாடி? இன்னும் எத்தன பேரு வேணும் உன் புருஷனுக்கு?"

சிபுயிலே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். டர்பன் போய்ச் சேரும்வரை கண்ணாடியில் அவள் உதடு துடித்துக்கொண்டே இருந்தது. அன்றைக்கு மனசு கேட்காமல் நானும் அவளோடு அந்த ஆபீஸுக்குப் போனேன்.

போய்ப் பார்த்தால் உள்ளே நாற்காலியே இல்லை. அதிகாரிகள் நின்றுகொண்டு கம்ப்யூட்டரைத் தட்டுகிறார்கள். ஃபைலெல்லாம் தரையில். எங்களை விசாரித்த பெண்ணுக்குச் சின்ன வயது, நல்ல மாதிரிதான். நின்று நின்று கால் வலித்து, செருப்பைக் கழற்றி விட்டிருந்தாள்.

"நாற்காலி எல்லாம் எங்கம்மா?" என்று கேட்டேன்.

"கோர்ட்டு ஆளுங்க ஜப்தி பண்ணித் தூக்கிட்டுப் போய்ட்டாங்கப்பா. காசு வராதவங்க யாரோ கேஸ் போட்டு ஜெயிச்சாங்க. கட்டக் காசில்ல. அதான்."

"ஜெயிச்சவருக்கு ஒரு மேஜையாச்சும் கெடச்சுதா?"

அவள் சிரிக்கவில்லை. சிபுயிலேயைப் பார்த்து, "அக்கா, உங்களது பாஸ் ஆயிடுச்சு. எல்லாம் சரியா இருக்கு. காசுதான் இல்ல. எப்ப வரும்னு என்னைக் கேட்டா நான் பொய்தான் சொல்லணும்" என்றாள்.

சிபுயிலே அந்த வெறும் அறையைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணிடம் மெதுவாக, "உங்க யாருக்காச்சும் கெட்ட கனவு ஏதும் வருதாம்மா? கொத்தனார் உடுப்புல ஒரு ஆளு வந்து நிக்கிற மாதிரி?" என்று கேட்டாள்.

பெண் முழித்தாள். "இல்லக்கா. நல்லாத் தூங்குறேன். நாளெல்லாம் நிக்கிறதால படுத்ததும் தூங்கிடறேன்."

வெளியே வந்ததும் படிக்கட்டில் சிபுயிலே நின்றுவிட்டாள்.

"ஆறு வருஷம் மபாசோ. இவங்கள்ல ஒருத்தர்கூட அவரப் பாக்கல. நான்தான் பாத்தேன், என் புள்ளைங்க பாத்துச்சு, நீ பாத்த." சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "நீயும் மபாசோதான? நீ கூப்பிட்டா வருவாரா?"

ஒரே குலம்தான், முறைப்படி நான் கூப்பிடலாம். ஆனால் கூடப் பிறந்த அண்ணன் உயிரோடு இருக்கும்போது அது அவன் முகத்தில் அறைகிற மாதிரி.

"டெலானி அண்ணங்கிட்ட சொல்லாம எப்படி மதினி?"

"சொல்லிட்டுத்தான் செய்வேன். கேக்க மாட்டேன். சொல்லுவேன்."

சொன்னாள். டெலானி மறுக்கவும் இல்லை, சரி என்றும் சொல்லவில்லை. ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டிலுக்குள் போய்விட்டானாம்.

அடுத்த சனிக்கிழமை விடிந்ததும் என் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற காட்டு இலந்தையில் ஒரு கிளையை வெட்டினேன். காலைச் சவாரியில் சிபுயிலே ஏறி, வெள்ளைக்கல் வளைவில் கிளையோடு இறங்கிக்கொண்டாள். நான் டர்பன் போய்த் திரும்பும்வரை தனியாக இருக்கிறேன் என்றாள். அவரிடம் கொஞ்சம் பேச வேண்டுமாம். டர்பனில் பயணிகளை ஏற்றும்போதே விஷயத்தைச் சொல்லி, கடைசி வரிசையில் அவளுக்கும் அவனுக்கும் இடம் விட்டு வைத்தேன். அவனுடைய சீட்டுக்கு அவள் காசு கொடுத்திருந்தாள். வேண்டாம் என்றால் கேட்கவில்லை.

மத்தியானம் வளைவுக்குள் திரும்பினேன். புல்லில் கறுப்பாக சிபுயிலே. அவளுக்குப் பக்கத்தில் ஒரு ஆள்.

சத்தியமாகச் சொல்கிறேன், வேன் தானாக உருண்டு போய் நின்றது. அந்த ஆள் திரும்பினான். ஊன்றுகோல் தெரிந்தது. டெலானி. வேறு ஏதோ வேனைப் பிடித்து எனக்கு முன்னால் வந்திருக்கிறான்.

நான் இறங்கிப் போனதும் கையை நீட்டினான். சிபுயிலே கிளையை என்னிடம் கொடுத்தாள், நான் அவனிடம் கொடுத்தேன். அவன் பள்ளத்தின் விளிம்பில் போய் நின்று குலப் பெயர்களைச் சொன்னான், முப்பாட்டன்களின் பெயரையெல்லாம் வரிசையாக. குரல் நன்றாகத்தான் இருந்தது. தம்பியின் பெயருக்கு வந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். வேனில் இருந்தவர்கள் ஜன்னலைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கெத்தானி," என்றான் கடைசியில். "அண்ணன் வந்திருக்கேன். லாரிய முந்தப் போனது நான்தான். வேணாண்ணேன்னு நீ சொன்ன. நான் கேக்கல." மூச்சு வாங்கினான். "உங்கிட்ட வந்து நிக்க எனக்கு மூஞ்சி இல்ல. அந்த ஆபீஸ் காசு வந்தா உன் பொண்டாட்டி கையில குடுத்துட்டு, அப்புறம் வரலாம்னு இருந்தேன். உன்ன இங்க நிறுத்துனது அவனுங்களப் பயமுறுத்த இல்லடா. அவனுங்ககிட்ட காசில்ல. அவனுங்க இல்லேங்கற வரைக்கும் உங்கிட்ட வராமத் தப்பிச்சுக்க எனக்கு வசதியா இருந்துச்சு."

சிபுயிலே அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அறைவாள் என்றுகூட நினைத்தேன். ஆறு வருஷக் கறுப்பு. எனக்கே அவனைப் பள்ளத்தில் தள்ளலாம் போலிருந்தது.

டெலானி கிளையைப் பிடித்துக்கொண்டு வேன் பக்கம் நடந்தான். கதவருகே வந்து நின்றுவிட்டான். "வரல," என்றான் என்னிடம், சின்னப் பையன் மாதிரி. "கூட வரல மபாசோ. எனக்குத் தெரியுது."

"எப்படி வருவாரு அத்தான்?" என்றாள் சிபுயிலே. கோபமே இல்லாத குரல். "உங்ககூட வண்டியில ஏறச் சொல்றீங்க. அவருக்கு என்ன பயம்னு உங்களுக்குத் தெரியாதா? அதச் சொல்லுங்க."

டெலானி திரும்பி வளைவைப் பார்த்தான். முகமெல்லாம் ஈரம்.

"இன்னிக்கு நான் ஓட்டலடா," என்றான். "மபாசோ ஓட்டுறான். மெதுவாப் போவான். யாரையும் முந்த மாட்டான். பயப்படாம ஏறு."

கதவை நான் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கள் வேனில் ஒரு நிமிஷம் தாமதித்தால் ஏழு பேர் திட்டுவார்கள். அன்றைக்கு ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. முதலில் ஏறி ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த சிபுயிலே பக்கத்து இடத்தைச் சால்வை முனையால் துடைத்துவிட்டுக் காத்திருந்தாள். டெலானி ஏறிக் கிளையை அதில் வைத்தான். பிறகு அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏறிட்டாரு. போலாம்."

வண்டியை எடுத்தேன். நடந்து போகிறவன்கூட எங்களைத் தாண்டிவிடுவான், அவ்வளவு மெதுவாக. பின்னால் வந்த ஒருத்தன் விடாமல் ஹாரன் அடித்து, ஜன்னல் வழியாக என் அம்மாவை இழுத்துத் திட்டிவிட்டு முந்திக்கொண்டு போனான். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் திருப்பித் திட்டவில்லை.