மதிப்பெண் அட்டைகளில் அக்காவின் பெருவிரல்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தக்காரர்களுக்கும், அக்காவோடு வேலை பார்த்தவர்களுக்கும், எங்கள் தெருக்காரர்களுக்கும் வணக்கம். அக்கா போய் இந்த வாரத்தோடு ஓராண்டு நிறைகிறது. காலைத் திருப்பலி முடிந்து சாப்பாட்டுக்கு உட்காரும் முன் இதைப் புரட்டுவீர்கள், அதனால் சுருக்கமாக எழுது என்றார் சித்தப்பா. கூடவே இதையும் சொன்னார்: "அமைதியா வாழ்ந்து அமைதியாப் போனாங்கன்னு நாலு வரி போடுலே. மலர்ல போய் யார்கூடயும் சண்டை பிடிக்காத."

சித்தப்பா மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்த நாலு வரியை எழுத என் கை வரவில்லை. அக்கா அமைதியாகப் போகவில்லை. ஒரே அலுவலகத்தின் வரிசையில் மூன்று முறை நின்றார். மூன்று முறையும் திருப்பி அனுப்பினார்கள். நான்காவது முறை போவதற்காக விரல்களில் தேங்காய் எண்ணெய் தடவிக் காத்திருந்தபோது போனார். இதை எழுதாவிட்டால் இந்தக் குடும்பத்தில் படித்தவன் என்று நான் ஒருவன் எதற்கு?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் அக்காவை நான் 'நீ, வா, போ' என்றுதான் பேசினேன். இங்கே 'அவர்' என்று எழுதுகிறேன். அந்த அலுவலகத்தில் என்னைவிடச் சின்னப் பையன்கள் எல்லாம் அவரை 'நீ' என்றார்கள். அச்சிலாவது அவருக்கு அந்த மரியாதை கிடைக்கட்டும்.

அக்கா பிறந்தது திரேஸ்புரத்தில். அப்பாவுக்குத் தோணியில் வேலை. மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு போனால் வீடு திரும்ப வாரக்கணக்கில் ஆகும். அக்காவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை. "பொம்பளப் பிள்ளைக்கு என்னத்துக்கு" என்று அன்றைக்குச் சொன்னது யார் என்று கேட்டால், இன்றைக்கு ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரைக் காட்டுகிறீர்கள். அம்மா இறந்தபோது அக்காவுக்குப் பதினாறு வயது, எனக்கு நான்கு. முத்தையாபுரத்தில் ஒரு லைன் வீட்டுக்குக் குடி வந்தோம். நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த அதே மாதம் அக்கா இறால் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார்.

அந்த வேலையைப் பற்றி, இறாலைத் தட்டில் மட்டும் பார்த்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஐஸ் தண்ணீரில் கிடக்கும் இறாலை எடுத்துத் தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகில் ஓடும் கருப்பு நரம்பை உருவ வேண்டும். இடையிடையே கையைக் குளோரின் தண்ணீரில் முக்க வேண்டும். உறை போட்டால் வேகம் வராது, வேகம் வராவிட்டால் கிலோ சேராது. எனவே வெறுங்கை. எடை போடுகிற மேசையில் கையைப் பார்ப்பதில்லை, தட்டைத்தான் பார்ப்பார்கள். இருபது வருடத்துக்கு மேல் அக்கா இதைச் செய்தார். அப்பா நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது இறந்தார். அதற்குப் பிறகு இந்த வீட்டின் வரவு என்று இருந்தது அந்த வெறுங்கைதான்.

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் தவிர இன்னொரு திருநாளும் இருந்தது. அது ரேங்க் கார்டு கொடுக்கும் நாள். அன்றைக்கு அக்கா வரும்போது ஒரு பொட்டலம் மக்ரூன் வாங்கி வருவார். எலுமிச்சைத் தோலால் கையைத் தேய்த்துக் கழுவி, துவைத்த சேலை கட்டிக்கொண்டு மேசை முன்னால் உட்காருவார். எழுத்து தெரியாது, ஆனால் நிறம் தெரியும். "கணக்குல என்னலே செவப்பு மை அடிச்சிருக்கு?" என்பார். "அது சார் கையெழுத்துக்கா" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "ஒங்க சாரு கணக்குல மட்டும் வந்து கையெழுத்துப் போடுதாரோ?" என்று கேட்டுவிட்டு மக்ரூன் பொட்டலத்தை எடுத்து உயரத்தில் வைத்துவிட்டார். பிறகு ஒவ்வொரு பாடமாக நான் வாசிக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் மை அட்டையில் இடது பெருவிரலை ஒற்றி, பெற்றோர் கையொப்பம் என்று போட்டிருக்கும் கட்டத்துக்குள் வைப்பார். மூச்சைப் பிடித்துக்கொண்டு வைப்பார். கட்டத்தைத் தாண்டாது.

எட்டாம் வகுப்பில் ஒரு சார் அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டு, "ஏலே, இது ரேகையா, பேனா ஒழுகிட்டா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. அப்போது எனக்கு அக்காவின் விரலுக்கு என்ன ஆயிற்று என்று யோசிக்கத் தோன்றவில்லை. வெட்கம்தான் வந்தது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து அக்கா பெயரை நானே எழுதிக் கொடுத்தேன். "கார்டு எங்கலே?" என்று கேட்டபோது, "பெரிய கிளாஸுக்கு ரேகையெல்லாம் வேண்டாமாம்" என்றேன். "அப்படியா, நல்லதுதான்" என்றார் அக்கா. மக்ரூன் மட்டும் தொடர்ந்து வந்தது.

அக்காவுக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று இன்றைக்கும் பந்தியில் யாராவது பேசுவீர்கள். நானே சொல்கிறேன். பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார், அக்கா கொடுத்த காபியை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே கீழே வைத்தார்கள். அவர்கள் போனதும் அக்கா, "நல்லதாப் போச்சுலே, காபி மிச்சம். நீ குடி" என்றார். நான் குடித்தேன். காபி வாசம்தான் அடித்தது. அந்த வீட்டாரும் எங்களுக்குச் சொந்தம்தான். இந்த மலர் அவர்களுக்கும் போகிறது.

ரேஷன் கடைகளுக்கு விரல் வைக்கும் இயந்திரம் வந்த பிறகுதான் ரேகை இல்லை என்பதே எங்களுக்குத் தெரிந்தது. அக்கா பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தார். ஒன்றும் விழவில்லை. கடைக்கார அண்ணாச்சி நல்ல மனிதர். "கார்டுல தம்பி பேரு இருக்குல்லா, அவன வந்து வைக்கச் சொல்லும்மா" என்றார். அதிலிருந்து என் விரலுக்குத்தான் அரிசி வந்தது. என் விரலில் எல்லாக் கோடும் அப்படியே இருக்கிறது. ஒரு இறாலைக்கூட அக்கா என்னை உரிக்க விட்டதில்லை.

பிறகு அக்காவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு வருவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்து வந்தார். இதய வால்வில் கோளாறு, அறுவை சிகிச்சை செய்ய வேண்டும், காப்பீட்டு அட்டை இருந்தால் அதிலேயே செய்துவிடலாம் என்று மருத்துவர் சொன்னார். அந்த அட்டைக்குப் பதிவு செய்யப் போன இடத்தில்தான் விரல் கேட்டார்கள். இங்கே தம்பி விரல் செல்லாது. நோயாளியின் விரல் வேண்டும்.

முதல் முறை, இயந்திரத்தின் முன்னால் இருந்த பையன் அக்காவிடம் கேட்டான்: "என்ன வேலை பாக்க?"

"இறால் உரிக்கேன் சார்."

"அதான். கைய நல்லாத் தேய்ச்சுக் கழுவிட்டு அடுத்த வாரம் வா."

அழுக்கு என்று நினைத்துவிட்டான். அக்கா தலையாட்டிவிட்டு வந்தார். கூட வேலை பார்க்கும் ரோஸ்லின் அக்காதான் வழி சொன்னார். கம்பெனிப் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த வழி அது. "ரெண்டு மூணு நாள் லீவு போடுளா. தண்ணியில கை வைக்காத. தேங்கா எண்ணெயப் போட்டு ஊற விடு. ரேகை லேசா முளைக்கும்." பயிர் முளைக்கும் என்பதுபோலச் சொன்னார். அக்கா லீவு போட்டுவிட்டுப் பத்து விரலையும் விரித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். குசினியில் நான் சோறு வடிப்பதைப் பார்த்து, "மருதாணி வச்ச கல்யாணப் பொண்ணு மாதிரி ஒக்காத்தி வச்சிட்டியேலே. கஞ்சியாவது கீழ கொட்டாம வடி" என்றார்.

இரண்டாம் முறை. பையன் துணியால் இயந்திரத்தைத் துடைத்தான், அக்கா விரலை வைத்தார், விழவில்லை. பின்னால் நின்றவர்கள் முனகத் தொடங்கினார்கள். நான் என் அலுவலகத்தில் பாதி நாள் அனுமதி வாங்கி வந்திருந்தேன். அப்போது நான் சொன்னதை இங்கே எழுதாமல் விட்டால் மற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. "ஒழுங்கா அமுக்குக்கா. ஒரு வெரல வைக்கத் தெரியாதா ஒனக்கு?" என்றேன். சத்தமாகவே சொன்னேன். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. நகம் வெள்ளையாகும்வரை அமுக்கினார். அப்போதும் விழவில்லை.

மூன்றாம் முறை, நெட்வொர்க் இல்லை என்றார்கள். மேலிடத்தில் கடிதம் வாங்கி வா என்றார்கள். கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் விடுப்பில் இருந்தார். அந்த அலுவலகத்தின் பெயரைப் போட வேண்டாம் என்று சித்தப்பா கேட்டுக்கொண்டதால் போடவில்லை. படித்தால் அவர்களுக்கே தெரியும்.

நான்காம் முறை போவதற்கு முந்தைய நாள் காலையில், மேசையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தபடியே அக்கா போய்விட்டார். வயது முப்பத்தொன்பது. அடக்கத்துக்கு ஆயத்தம் செய்யும்போது ரோஸ்லின் அக்கா அவர் கைகளைச் சேர்த்து வைத்துச் செபமாலையைச் சுற்றினார். எண்ணெய்ப் பிசுக்கில் அது வழுக்கி வழுக்கி விழுந்தது. கடைசியில் தன் முந்தானையால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். அப்போது துக்கத்துக்கு வந்திருந்த ஒருவர், "எல்லாம் ஆண்டவர் சித்தம்" என்றார். ஆண்டவர் மேல் பழியைப் போடாதீர்கள் என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். இன்றைக்குச் சொல்கிறேன். ஆண்டவர் யாரிடமும் ரேகை கேட்டதில்லை.

முன்னமே அறுவை சிகிச்சை செய்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று மருத்துவரிடம் கேட்டேன். "நிச்சயம்னு சொல்ல முடியாது. வாய்ப்பு இருந்துச்சு" என்றார். அந்த வாய்ப்பைத்தான் நான் ஓராண்டாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன் ரோஸ்லின் அக்காவுக்கு அதே அட்டை தேவைப்பட்டது. அவர் விரலும் விழாது. கூடப் போனேன். அதே வரிசை, அதே பையன். சுவரில் ஒரு காலண்டர். காற்றில் அது விலகியபோது பின்னால் ஒட்டியிருந்த அறிவிப்பு தெரிந்தது. ரேகை பதியாதவர்களுக்குக் கண்ணைப் படம் எடுத்துப் பதிவு செய்யலாம் என்று தமிழில், பெரிய எழுத்தில் இருந்தது. நான் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கப்பல் காகிதங்களில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் கண்டுபிடிப்பேன் என்று பெயர் எனக்கு. அந்தச் சுவருக்குக் கீழே மூன்று முறை நின்றவன் நான். காலண்டரை விலக்கிப் பார்க்கவில்லை. வேறு வழி உண்டா என்று ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. அக்காவை அதட்ட மட்டும் தெரிந்தது.

அறிவிப்பைக் காட்டினேன். பையன் மேசை டிராயரை இழுத்துக் கண் பார்க்கும் கருவியை எடுத்தான். அக்கா மூன்று முறை விரலை அமுக்கிய அதே மேசை. அந்த மேசைக்குள்ளேதான் அது இருந்திருக்கிறது. ரோஸ்லின் அக்காவின் கண்ணில் வைத்தான். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. வெளியே வந்து ரோஸ்லின் அக்கா அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. இன்னும் வரவில்லை.

முறைப்படி நன்றி சொல்ல வேண்டும். அக்காவை ஒருநாளும் வெறும் பையோடு திருப்பி அனுப்பாத ரேஷன் கடை அண்ணாச்சிக்கு நன்றி. தன் லீவையும் போட்டுக்கொண்டு அக்காவுக்குத் தலை பின்னிவிட்ட, கடைசியில் விரல் துடைத்துவிட்ட ரோஸ்லின் அக்காவுக்கு நன்றி. அடக்கத்துக்கு அரை நாள் வேலையை விட்டு, வாடை மாறாத சேலையோடு ஓடி வந்த கம்பெனிப் பெண்கள் எல்லோருக்கும் நன்றி. உங்களில் யாருக்கு விரல் விழவில்லை என்றாலும் எண்ணெய் தடவிக்கொண்டு உட்காராதீர்கள். என்னைக் கூப்பிடுங்கள். சனிக்கிழமைகளில் நான் வருவேன். கருவி எந்த டிராயரில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

மற்றவர்களுக்கு இப்போதைக்கு நன்றி இல்லை. சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

பின்னட்டையில் அக்காவின் புகைப்படம் இருக்கும் என்று தேடுவீர்கள். அவர் பெட்டியின் அடியில், ஞானஸ்நானச் சான்றிதழின் நகலோடு சேர்த்துக் கட்டிவைத்திருந்த என் ரேங்க் கார்டுகளைத்தான் போட்டிருக்கிறேன். ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை, அந்தக் கட்டம் மட்டும் பெரிதாக்கி, வரிசையாக. அச்சகத்துக்கு வந்து பார்த்த சித்தப்பா, "என்னலே இது, வெறும் மைக்கறையாப் போட்டு வச்சிருக்க?" என்றார்.

அது எட்டாம் வகுப்பு, சித்தப்பா. அங்கிருந்து பின்னால் போய்ப் பாருங்கள். ஐந்தாம் வகுப்பில் ஓரத்தில் நாலைந்து கோடு மிச்சம் இருக்கிறது. மூன்றாம் வகுப்பில் பாதி இருக்கிறது. ஒன்றாம் வகுப்பு முதல் பருவத்துக்கு வந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கோடு விடாமல் எல்லாம் விழுந்திருக்கிறது.